தப்பே நடக்காத மாதங்கள்

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் சுகம். என் முழங்காலைப் பற்றி மட்டும் கேட்காதே, கேட்டால் அதற்கே தனிக் கடிதம் எழுத வேண்டிவரும். உன் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? மாத்திரையை வேளைக்குப் போடுகிறாயா, இல்லை ஃபைலுக்குள் வைத்துக் கட்டிவிடுகிறாயா? உன் வீட்டில் எல்லோரும் நலம்தானே?

போனில் கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்கிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதமாவது உன் மீட்டிங் முடியும்வரை காத்திருக்கும்.

விஷயம் இதுதான். உங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு வண்டி வந்தது. கையுறை வந்திருக்கிறது என்று ஆசையாக ஓடினேன். இறங்கியது என்ன தெரியுமா? கண்ணாடி போட்ட ஒரு பெரிய பலகை, "இந்த மாதத்தின் சிறந்த பணியாளர்" என்று தங்க எழுத்தில். கூடவே ஒரு கேடயமும் ஒரு சுற்றறிக்கையும். இனிமேல் நர்ஸுகளுக்கு மார்க்காம். நேரத்துக்கு வந்தால் மார்க். நோயாளி பாராட்டினால் மார்க். தப்பு நடந்தால் அந்த வார்டு மொத்தத்துக்கும் மார்க் குறையுமாம். தப்பே நடக்காத வார்டுக்கு மாதம் முடிந்ததும் கேடயமும் ஊக்கத்தொகையும். இன்னும் நிரந்தரம் ஆகாத ஒப்பந்தப் பெண்களுக்கு இந்த மார்க்கைப் பார்த்துத்தான் வேலை நிரந்தரமாம்.

எங்கள் காலை மேசையைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா? டியூட்டி மாறும் நேரத்தில், சமையல்கட்டை ஒட்டிய நீள மேசையில் எல்லோரும் சேர்ந்து டீ குடிப்போம். முந்தின நாள் யார் என்ன தப்பு செய்தோமோ அதை அங்கே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். மேட்ரன் என்பதால் என் தப்பு முதலில். யாரும் திட்டக் கூடாது, யாரும் எழுதிவைக்கக் கூடாது. அடுத்த தடவை நடக்காமலிருக்க என்ன செய்யலாம் என்று மட்டும் பேசுவோம். ஒரே மாதிரி மூடி போட்ட இரண்டு மருந்துப் புட்டிகள் ஒரே தட்டில் இருந்து ஒருத்தி கை மாறி எடுத்துவிட்டாள்; மேசையில் சொன்னாள்; அன்றைக்கே ஒன்றைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினோம். நான் மேட்ரன் ஆன நாளிலிருந்து இந்த ஆஸ்பத்திரி இப்படித்தான் ஓடுகிறது.

இப்போது தப்பைச் சொன்னால் மார்க் போகும் என்றால் எவள் வாயைத் திறப்பாள்? நீ அங்கேதானே இருக்கிறாய், விசாரித்துச் சொல். இந்தத் திட்டத்தை யோசித்த புண்ணியவான் யார்? ஒரு நாளாவது ஒரு வார்டில் கால் கடுக்க நின்றவரா?

உடம்பைப் பார்த்துக்கொள். உப்பைக் குறை.

உன் அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். இங்கே எல்லோரும் நலம். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. உன் முழங்காலுக்கு எலும்பு டாக்டரைப் பார்க்கச் சொல்லி எத்தனை தடவை சொல்லிவிட்டேன்! ஆஸ்பத்திரியிலேயே கிடக்கிறாய், அடுத்த அறையில் இருக்கும் டாக்டரிடம் போக உனக்கு நேரமில்லை. அத்தானுக்கு என் அன்பு.

திட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். இந்த மாதிரி விஷயங்கள் யாரோ ஒருவர் யோசித்து நடப்பவை அல்ல. பல கட்ட ஆலோசனைக்குப் பிறகு மேலிடத்தில் எடுக்கப்பட்ட முடிவு. வெளியூர் ஆஸ்பத்திரிகளில் ஆட்கள் நிற்பதில்லை. நன்றாக வேலை செய்பவர்கள் சலித்துப்போய்க் கிளம்பிவிடுகிறார்கள், செய்யாதவர்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு நல்ல வார்த்தை, ஒரு புகைப்படம், ஒரு கேடயம் என்று கொடுத்தால் மனசுக்கு உற்சாகம் வரும் என்பது எண்ணம். மார்க் பிரிப்பதில்கூட நேரத்துக்கு வருவதைவிட நோயாளி பாராட்டுக்குத்தான் கூடுதலாகக் கொடுத்திருக்கிறது, கவனித்தாயா?

உன் மேசை நல்ல விஷயம்தான். அதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லையே. கொஞ்ச நாள் பார். எடுத்தவுடனே கையை ஓங்காதே.

அன்புடன்,
தம்பி


மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே சுகம். எலும்பு டாக்டரைப் பார்த்தேன். "நடக்காதீங்க" என்றார். "நர்ஸ்கிட்ட சொல்ற பேச்சா சார் இது?" என்று கேட்டுவிட்டு நடந்து வந்துவிட்டேன். உன் அத்தான் ஒரே கிண்டல். "உங்க அக்கா ஆஸ்பத்திரியைக் கட்டிக்கிட்டு, லீவு நாள்ல என்கூட குடித்தனம் நடத்துறா" என்று உனக்கு எழுதச் சொன்னார். எழுதியாயிற்று.

கொஞ்ச நாள் பார் என்றாய். பார்த்தேன். மேசை ஊமையாகிவிட்டது.

வழக்கம்போல நான்தான் ஆரம்பிக்கிறேன். நேற்று ஒரு நோயாளியை எக்ஸ்ரேவுக்கு அனுப்பிவிட்டு மறந்துபோனேன், பாவம் அந்த மனுஷன் சாப்பாட்டு நேரம் தாண்டியும் நடையிலேயே உட்கார்ந்திருந்தார் என்று சொல்கிறேன். எல்லோரும் டீக் கோப்பையைப் பார்க்கிறார்கள். "சரி, அடுத்து?" என்கிறேன். ஒருத்தி மழை வருமா என்று கேட்கிறாள். இன்னொருத்தி பிஸ்கட் பாக்கெட்டைத் தள்ளுகிறாள். முன்பெல்லாம் நான் வாயை மூடுவதற்குள் ரெண்டு பேர் ஆரம்பித்திருப்பார்கள்.

போன மாதம் பெண்கள் வார்டில் தப்பே நடக்கவில்லையாம். ஆண்கள் வார்டிலும் இல்லையாம். பிரசவ வார்டிலும் இல்லையாம். தம்பி, இத்தனை வருஷம் இந்த வேலையில் இருந்தவளிடம் வந்து இப்படிக் காதில் பூ சுற்றினால் எப்படி? மனுஷர் கை வைக்கிற வேலையில் தப்பு நடக்காத மாதம் என்று ஒன்று கிடையாது. சொல்லாத மாதம்தான் உண்டு.

பெண்களைக் குறை சொல்ல மாட்டேன். நாளைக்கு வேலை நிரந்தரமாகுமா என்று தெரியாதவள், மார்க்கை இழந்து எனக்கு உண்மை சொல்ல வேண்டும் என்று நான் எப்படிக் கேட்பேன்? அவளை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியவரைத்தான் எனக்குப் பார்க்க வேண்டும். யார் என்று கேட்டிருந்தேன். நீ மேலிடம் என்று எழுதியிருக்கிறாய். மேலிடத்துக்கு ஒரு முகம் இருக்குமே?

கோபமாக எழுதிவிட்டேன். உன் மேல் இல்லை. தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள்.

உன் அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். உன் கடிதம் வந்த அன்றே இங்கே ஒரு நல்ல செய்தியும் வந்தது. வட்டாரத்திலேயே உங்கள் ஆஸ்பத்திரிதான் முதலிடம்! எல்லா வார்டிலும் தப்பு இல்லாத மாதம். இயக்குநர் அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உங்களை முன்மாதிரியாக வைத்து மற்ற எல்லா ஆஸ்பத்திரிக்கும் திட்டத்தைக் கொண்டுபோகப் போகிறார்கள். அடுத்த மாதக் கடைசியில் அவரே நேரில் வந்து கேடயம் கொடுப்பார்.

அக்கா, ஒரே ஒரு வேண்டுகோள். அவர் வரும் அன்று காலை மேசை பற்றிப் பேச வேண்டாம். தப்பைப் பேசுவதற்கென்றே ஒரு மேசை வைத்திருக்கிறோம் என்றால் வெளியாட்கள் வேறு விதமாக எடுத்துக்கொள்வார்கள். சிரித்த முகமாக வாங்கிக்கொள். உன் பெண்களுக்கும் அது சந்தோஷம்தானே. உழைத்தவர்கள் கையில் ஒரு கேடயம் வருவதில் என்ன கெட்டுப்போகிறது?

முழங்காலுக்கு ஒரு உறை அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொண்டு நட. அத்தானுக்கு என் அன்பு.

தம்பி


மே 2

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகம் என்று நினைக்கிறேன்.

இயக்குநர் அம்மா வந்தார். கேடயம் கொடுத்தார். நான் மேசையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை, நீ சொன்னபடி. புகைப்படம் எடுக்கும்போது என் தோளில் கை போட்டுக்கொண்டு, "உங்க தம்பி போட்ட திட்டம்மா இது, ஒரு வரி விடாம அவரே உக்காந்து எழுதினது. உங்களுக்கு எவ்ளோ பெருமையா இருக்கும்!" என்றார்.

முழங்கால் உறை அளவு சரியாக இருக்கிறது.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

அக்கா


மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. நாலு பக்கம் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆமாம், நான்தான் எழுதினேன். முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். நீ புண்ணியவான் என்று ஆரம்பித்ததும் எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் ஏன் எழுதினேன் என்பதையும் கேள். ஆய்வுக்கு என்று எத்தனையோ ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறேன். ஓரிடத்தில் டாக்டர் அறைக்குப் பூட்டு. கையெழுத்துப் போட்டுவிட்டு நாலு நர்ஸுகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் வார்டு முழுக்க ஓடிக்கொண்டிருந்தாள், காலில் செருப்புக்கூட இல்லாமல். "உங்களுக்கு என்ன வேணும்மா?" என்று கேட்டேன். "நான் இங்க இருக்கேன்னு யாருக்காவது தெரிஞ்சா போதும் சார்" என்றாள். அடுத்த தடவை போனபோது அவள் இல்லை, வெளிநாடு போய்விட்டாளாம். அந்த நாலு பேரும் இருந்தார்கள். அவளை நினைத்துக்கொண்டுதான் அந்தப் பலகைத் திட்டத்தை எழுதினேன்.

நீ இருக்கும் இடத்துக்கு ஒரு மேசை போதும். நீ இல்லாத இடத்துக்கு நான் எதை அனுப்புவது? உன்னை மாதிரி ஆளை வண்டியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்ப முடியாதே. விதியைத்தான் அனுப்ப முடியும். இதற்கு மட்டும் பதில் சொல்லு அக்கா, அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் தம்பி


ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். போன மாதம் எழுதிய கடிதம் கிடைத்ததா? போன் செய்தால் அத்தான்தான் எடுக்கிறார். "உங்க அக்கா மீட்டிங்ல இருக்கா" என்கிறார். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னது எனக்குக் கேட்டது.

இரண்டு வரியாவது எழுது. நலம் என்று மட்டுமாவது.

தம்பி


ஜூலை 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் நலம். உன் ரெண்டு கடிதமும் கிடைத்தன. பதில் எழுத உட்கார்ந்தால் மனசு கொதித்தது, அதனால் எழுதவில்லை. அந்தச் செருப்பில்லாத பெண்ணைப் பற்றி நீ எழுதியது என் மனசில் நிற்கிறது. அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் பிறகு. இப்போது எழுத வைத்தது வேறு.

பெண்கள் வார்டில் ஒரு மின்விசிறி வேலை செய்யவில்லை. காய்ச்சலோடு வந்த ஒரு தையல்காரப் பெண்மணி புழுக்கத்தில் தவித்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த சர்க்கரை நோய்க்காரி நல்ல மனசு பண்ணி, "நீ இங்க படும்மா, எனக்குக் காத்து வேணாம்" என்று இடம் மாற்றிக்கொண்டாள். ஆட்கள் மாறினார்கள், தலைமாட்டில் தொங்கும் அட்டைகள் மாறவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட வந்த என் பெண்களில் ஒருத்தி அட்டையைப் பார்த்துப் போட்டாள். தையல்காரிக்குப் போய்விட்டது.

மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தபோது பக்கத்துக் கட்டில்காரி, "எனக்கு இன்னிக்கு ஊசி இல்லையாம்மா?" என்று கேட்டிருக்கிறாள். அப்போதுதான் இவளுக்குத் தன் தப்புப் புரிந்தது. உடனே ஓடி வந்திருப்பாள், எனக்கு அவளைத் தெரியும். கூட இருந்தவள் கையைப் பிடித்து, "மூச்சு விடாதே. மாசக் கடைசி. மொத்த வார்டுக்கும் கேடயம் போயிடும், உன் நிரந்தரமும் போயிடும். கொஞ்சம் சர்க்கரைத் தண்ணி குடுத்துப் பாப்போம்" என்றாள். இவள் மருந்து அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நின்ற நேரத்தில் தையல்காரிக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, நாக்குக் குழறிவிட்டது.

பிறகு அவளே என்னிடம் ஓடி வந்தாள். யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. "அம்மா, நான் தப்பா போட்டுட்டேன், காப்பாத்துங்க" என்றாள். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினோம். டாக்டர் ஓடி வந்தார். தையல்காரி கண்ணைத் திறந்து என் கையைப் பிடிக்கும்வரை எனக்கு உயிர் இல்லை. பிழைத்தாள்.

இதைக் கேள், எனக்கே பிறகுதான் தெரிந்தது. அதற்கு முந்தின வாரமே இன்னொரு நர்ஸ், இதே மாதிரி கட்டில் மாறிய ஒருவருக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை என்பதால் மென்று விழுங்கிவிட்டாள். மேசையில் சொல்லியிருந்தால், ஆளோடு அட்டையும் போக வேண்டும் என்று அன்றைக்கே பேசியிருப்போம். ஒரு கேடயத்துக்காக ஒருத்தி உயிர் போகப் பார்த்தது.

நடந்ததை அப்படியே எழுதி உங்கள் அலுவலகத்துக்கு நானே அனுப்பிவிட்டேன். அதில் ஊசி போட்டவளின் பெயர் இல்லை. மேசையில் சொல்வது போல என்னிடம் சொன்னாள், அதனால் இருக்காது. நீ கேட்காதே.

மாத்திரையை விடாதே.

அக்கா


ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். நோயாளி பிழைத்தது பெரிய நிம்மதி. உனக்கு அந்த நேரத்தில் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஆனால் அக்கா, எனக்குப் பெயர் வேண்டும். எனக்கு என்றால் அலுவலகத்துக்கு. அடுத்த மாதம் திட்டம் எல்லா ஆஸ்பத்திரிக்கும் போகிறது, உங்கள் ஆஸ்பத்திரிதான் அதற்கு உதாரணம். இந்த நேரத்தில் பெயரில்லாமல் ஒரு புகார் நிற்க முடியாது. யாராவது பொறுப்பேற்க வேண்டும். உங்களிடம் ஒப்பந்தப் பெண்கள் நாலைந்து பேர்தான். அதில் ஒருத்தியாகத்தான் இருப்பாள் என்று நினைக்கிறேன். அவளுக்கு வேறு இடத்தில் வேலை கிடைக்கும், நானே பார்த்துத் தருகிறேன். நீ சொல்லாவிட்டால் விரல் உன் பக்கம் திரும்பும். ஓய்வு பெறும் நேரத்தில் உனக்கு எதற்கு இந்தத் தலைவலி?

ஒரே ஒரு பெயர், அக்கா. அதோடு முடிந்துவிடும். என்னைக் கை கழுவி விடாதே.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


ஆகஸ்ட் 14

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் நலம். என் முழங்கால்கூட இந்த மாதம் நலம், சண்டை என்றதும் அதற்கும் தெம்பு வந்துவிட்டது போலிருக்கிறது.

பெயர் தர மாட்டேன். யார் என்று உட்கார்ந்து யூகிக்கவும் செய்யாதே. உயிர் போகும் என்று தெரிந்ததும் தன் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடி வந்த பெண் அவள். அவளை அனுப்பிவிட்டால் மிச்சமிருப்பவர்களுக்கு என்ன பாடம்? அடுத்தவள் மருந்து அறையிலேயே நின்றுவிடுவாள். ஒழுங்காக ஒளித்தவளுக்குக் கேடயம், ஓடி வந்து சொன்னவளுக்கு வீட்டுக்கு வழி. உன் திட்டம் அதைத்தான் கற்றுக்கொடுக்கிறது, உனக்கே தெரியவில்லையா?

நீங்கள் அனுப்பிய விசாரணை டாக்டர் வந்தார். நல்ல மனுஷர்தான், களைத்துப்போன முகம். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கேட்டார். எல்லோரும் "மேட்ரன் அம்மாவைக் கேளுங்க சார்" என்றார்கள். மறுநாள் காலை, டீ நேரத்தில் மேசைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். எழுந்து போகச் சொல்ல முடியுமா? அவருக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்துவிட்டு நான் ஆரம்பித்தேன். "என் தப்பு. மேசை ஊமையான அன்னிக்கே அந்தப் பலகையைக் கழட்டிக் கீழ வெச்சிருக்கணும். கேடயத்தை வாங்கிக்கிட்டு போட்டோவுக்குச் சிரிச்சேன்" என்றேன்.

அப்புறம் மாத்திரை மாற்றிக் கொடுத்தவள் எழுந்தாள். "ஜூன் மாசம் நான் கொடுத்தது தப்பு மாத்திரை. ஒளிச்சேன்" என்றாள். அடுத்தவள், ரத்தப் பரிசோதனைக் குழாயில் பெயர் மாறி ஒட்டியதைச் சொன்னாள். பிரசவ வார்டில் இருந்து ஒருத்தி, "டிரிப்ஸ் தீர்ந்ததைப் பாக்காம விட்டேன், ரத்தம் குழாயில ஏறி வந்துடுச்சு, பயத்துல சொல்லல" என்றாள். வரிசையாகக் கொட்டினார்கள். கேடயம் வாங்கிய எல்லா மாதத்துத் தப்பும் அந்த மேசைக்கு வந்துவிட்டது. மருந்து அறையில் கையைப் பிடித்தவள் அழுதுகொண்டே சொன்னாள். கடைசியாக ஊசி போட்டவளும் எழுந்தாள். "உக்காரு, உன்னுதை நீ ஏற்கெனவே சொல்லியாச்சு" என்றேன். உட்கார்ந்தாள்.

டாக்டருக்குப் புரிந்திருக்கும். ஆனால் யாரும் சொல்லாத பெயரை அவரால் எழுத முடியாது. "இதையெல்லாம் எழுதினா ஆஸ்பத்திரியையே மூடணும்மா" என்றார்.

"எழுதுங்க சார். எல்லா ஆஸ்பத்திரியிலயும் இது நடக்குது. எங்களுது மட்டும்தான் வாயைத் திறந்திருக்கு."

"எனக்கு ஒரு பேர் வேணுமே."

"மேட்ரன்னு எழுதுங்க. வார்டு என்னோடது."

எழுதிக்கொண்டார். மேசையில் கேட்டதையும் அறிக்கையில் சேர்ப்பதாகச் சொன்னார். போகும்போது டீ நன்றாக இருந்தது என்றார்.

உன் கேள்விக்குப் பதில் கேட்டாயே. நான் இல்லாத இடத்துக்கு எதை அனுப்புவது என்று. ஒரு மேசையை அனுப்பு. அதில் முதலில் பேச வேண்டியவள் தலைமை நர்ஸ் என்று விதி போடு. அந்தச் செருப்பில்லாத பெண் கேட்டது புகைப்படமா? அவள் அங்கே இருப்பது யாருக்காவது தெரிய வேண்டும் என்றுதானே கேட்டாள்? ஒவ்வொரு நாள் காலையும் அவளோடு உட்கார்ந்து டீ குடிக்க ஒருத்தி இருந்திருந்தால் அவள் போயிருக்க மாட்டாள்.

உப்பைக் குறை. கோபத்தையும்தான், எனக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

உன் அக்கா


செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். அனைவரும் நலம். அங்கும் நலம் என நம்புகிறேன்.

விசாரணை முடிந்து நடவடிக்கை எடுக்கப்பட்டிருக்கிறது. உனக்கு இடமாற்றம். தலைமைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டு, பக்கத்து வட்டார ஆஸ்பத்திரியின் துணிக் கிடங்குக்கு மாற்றப்பட்டிருக்கிறாய். உத்தரவு தபாலில் வரும். சம்பளத்தில் கை வைக்கப்படவில்லை. வேறு யார் மீதும் நடவடிக்கை இல்லை. நீ கேட்டபடிதான்.

இப்போதைக்கு எதிர்த்து எதுவும் எழுத வேண்டாம். திட்டம் எல்லா இடத்திலும் நல்லபடியாகத் தொடங்கப்பட்டிருக்கிறது. சூடு ஆறட்டும். சில மாதத்தில் உன்னைத் திரும்பக் கொண்டுவர வழி பார்க்கப்படும்.

கிடங்கில் உட்கார்ந்த வேலைதான். முழங்காலுக்கு நல்லது.

தம்பி


செப்டம்பர் 25

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் சுகம். துணிக் கிடங்கும் சுகம். படுக்கை விரிப்புகள் என்னை எதிர்த்துப் பேசுவதில்லை, அதுதான் கொஞ்சம் போரடிக்கிறது. உன் அத்தான், "இனிமே வேளைக்கு வீட்டுக்கு வருவே, எனக்குத்தான் கஷ்டம்" என்கிறார்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். நடவடிக்கை எடுக்கப்பட்டிருக்கிறது, மாற்றப்பட்டிருக்கிறாய், வழி பார்க்கப்படும். எல்லாம் தானாகவே நடக்கிறது, செய்தவன் என்று ஒருத்தன் கிடையாது. மறுநாள் தபாலில் உத்தரவு வந்தது. கீழே கையெழுத்து உன்னுடையது. சின்ன வயதில் உன் கையைப் பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான், எனக்குத் தெரியாதா?

காரணம் என்று நீ எழுதியிருப்பது, "தவற்றை மறைத்தமைக்காக." தம்பி, அந்தத் தப்பை உனக்கு எழுதி அனுப்பியவளே நான். அதைப் படித்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை, அழுகைதான் வந்தது. உன் அத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

விசாரணை டாக்டர் போன் செய்தார். "மேசையில கேட்டதையெல்லாம் எழுதிக் கொடுத்தேம்மா. உங்க தம்பி கையிலதான் கொடுத்தேன். மேல போனதுல அந்தப் பக்கங்கள் இல்ல" என்றார். திட்டத்தின் தொடக்க விழாவில் நீ என்ன பேசினாய் என்பதையும் சொன்னார். எங்கள் ஆஸ்பத்திரியில் அரை வருஷத்தில் ஒரே ஒரு தப்புதானாம், அதுவும் மேட்ரனின் கவனக்குறைவாம். கை தட்டினார்களாம்.

உனக்கு ஒரு செய்தி. நான் கிளம்பும் அன்று தையல்காரி மறுபரிசோதனைக்கு வந்திருந்தாள். ரத்தம் எடுக்க வேண்டும். நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரியும், நானே சொல்லியிருந்தேன். அனுபவமுள்ள நர்ஸைக் கூப்பிட்டேன். தையல்காரி வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, "அன்னிக்கு ஊசி போட்ட பொண்ணே எடுக்கட்டும்மா. தப்புன்னா அவ சொல்லிடுவா" என்றாள். அந்தப் பெண்ணே எடுத்தாள். காலை மேசை நான் இல்லாமலும் நடக்கிறது. மாத்திரை மாற்றிக் கொடுத்தவள்தான் இப்போது முதலில் பேசுகிறாளாம். பலகையைக் கழட்டிச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறார்கள். ஆள் அனுப்பி மாட்டச் சொன்னால் மறுபடி கழட்டுவார்களாம்.

எதிர்த்து எழுத வேண்டாம் என்றாய். எழுதிவிட்டேன். மேல்முறையீடு இயக்குநர் அம்மாவின் மேசைக்கும் அவருக்கு மேலே இருப்பவரின் மேசைக்கும் போயிருக்கிறது. விசாரணை டாக்டரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். காணாமல் போன பக்கங்களின் நகலை இணைத்திருக்கிறோம். அவற்றை எடுத்தது யார் என்று பெயர் போட்டே எழுதியிருக்கிறேன்.

அக்காவா இப்படி என்று உனக்கு இருக்கும். யோசித்துப் பார். அந்தப் பெண்ணும் தப்பு செய்தாள், நீயும் செய்தாய். அவள் ஓடி வந்து சொன்னாள். நீ ரெண்டு தடவையும் ஒளித்தாய், முதலில் உன் பெயரை, பிறகு அந்தப் பக்கங்களை. அவள் பெயரைத்தான் தர மாட்டேன் என்று சொன்னேன். உன் பெயரைத் தர மாட்டேன் என்று நான் எப்போதடா சொன்னேன்?

கூப்பிட்டு விசாரிப்பார்கள். அன்றைக்குக் காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போ.

உன் அக்கா